நீர்புகு தளங்களும் சென்னை வெள்ளமும்: கல்லுக்குக் கீழே உள்ள கணக்கு

நகரங்களில் மழைநீர் தேங்குவதைப் பற்றிப் பேசும்போது பெய்த மழையின் அளவும் வடிகாலின் கொள்ளளவுமே பெரும்பாலும் முன்னுக்கு வருகின்றன. அந்த மழை முதலில் விழும் தரை எதனால் ஆனது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. மரமும் புல்லும் மூடிய இயற்கை நிலத்தில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி மண்ணுக்குள் இறங்குகிறது, பத்தில் ஒரு பங்கு மட்டுமே மேற்பரப்பில் ஓடுகிறது, எஞ்சியது ஆவியாகிக் காற்றுக்குத் திரும்புகிறது என்றும், நிலத்தின் முக்கால் பங்குக்கு மேல் கட்டடமும் சாலையும் மூடிவிட்ட பகுதியில் மண்ணுக்குள் இறங்குவது 15 சதவீதமாகக் குறைந்து மேற்பரப்பில் ஓடுவது 55 சதவீதமாக உயர்ந்துவிடுகிறது என்றும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வெளியீடுகள் காட்டுகின்றன. இவை பொதுச் சராசரிகளே. மண்ணுக்கு மண், மழைக்கு மழை எண்கள் மாறும். ஆயினும் மாற்றத்தின் திசை எங்கும் ஒன்றுதான். 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு வாகன நிறுத்துமிடத்தில் 100 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் ஒரு லட்சம் லிட்டர். அந்தத் தரை தாரோ கான்கிரீட்டோ ஆனால் அதில் ஏறத்தாழ 90,000 லிட்டர் சில நிமிடங்களில் தெருவை அடைந்துவிடும். வெள்ளத்தை உண்டாக்குவதில் நீரின் மொத்த அளவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அது தெருவை வந்தடையும் வேகத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இந்த ஓட்டத்தைத் தொடங்கிய இடத்திலேயே தடுத்து நிறுத்தும் முயற்சிகளில் ஒன்றுதான் நீர்புகு தளம். வண்டியும் ஆளும் நடமாடும் அளவுக்கு உறுதியாக இருந்துகொண்டே தன்மீது விழும் மழையைத் தனக்குக் கீழே இறக்கிவிடும் தரையமைப்பு என்று அதற்கு இலக்கணம் சொல்லலாம். நடைமுறையில் மூன்று வகைகள் பரவலாக உள்ளன. முதலாவது நுண்துளைக் கான்கிரீட்: சாதாரணக் கான்கிரீட்டிலிருந்து மணலை நீக்கிவிட்டு, ஒரே அளவான ஜல்லியைச் சிமென்ட் பசையால் மட்டும் ஒட்டவைப்பது, ஜல்லிகளுக்கிடையே மணல் அடைத்திருக்க வேண்டிய இடம் வெற்றிடமாக நிற்பதால், மொத்தக் கனஅளவில் 15 முதல் 25 சதவீதம் வரை ஒன்றோடொன்று தொடர்புள்ள துளைகளாக அமைகிறது. இரண்டாவது நுண்துளைத் தார்த்தளம். அதே உத்தி, சிமென்டுக்குப் பதில் தார். மூன்றாவது இடைவெளியிட்ட கற்பாவு: இதில் கல் தானாக நீரை விடுவதில்லை, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வேண்டுமென்றே அகலமாக விடப்பட்டுப் பொடி ஜல்லியால் நிரப்பப்படும் இடுக்குகள் வழியாகவே நீர் இறங்குகிறது. மணலற்ற கான்கிரீட் புதிய பொருளன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் சுவர் எழுப்பப் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்கக் கட்டப்பட்ட பல்லாயிரம் வீடுகளின் சுவர்கள் அதனால் ஆனவை. அதையும் அதன் தார்வடிவத்தையும் மழைநீர் மேலாண்மைக்காகத் தரையில் விரிக்கும் சிந்தனை 1970களில் அமெரிக்காவில் வேகம் பெற்றது.

இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். நெதர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதி நுண்துளைத் தாரால் ஆனது என்பதைச் சான்றாகக் காட்டி, அந்நாடு சாலைகளாலேயே வெள்ளத்தை வென்றுவிட்டதாக எழுதுவோர் உண்டு. அங்கே துளையுள்ளது சில சென்டிமீட்டர் தடிப்புள்ள மேலடுக்கு மட்டுமே. அதன் அடியில் நீர் புகாத தார் அடுக்கு இருக்கிறது. மழைநீர் மேலடுக்குக்குள் இறங்கி, பக்கவாட்டில் ஓடி, சாலை ஓரத்தில் வெளியேறுகிறது. சக்கரங்களின் இரைச்சலும் மழையில் எழும் நீர்த்தூறலும் குறைவதே அதன் பயன். வெள்ளத்தைக் குறைக்கும் நீர்புகு தளத்தை அடையாளம் காட்டுவது மேற்பரப்பின் துளை அன்று, அதற்குக் கீழே தோண்டி அமைக்கப்படும் தேக்கம்தான்.

அந்தத் தேக்கம் எப்படி அமைகிறது என்று பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் செலவும் பயனும் தவறுகளும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. மேலே 8 செ.மீ. அளவிலான கற்பாவு, அதற்குக் கீழே மணலுக்குப் பதிலாகச் சில மில்லிமீட்டர் அளவுள்ள சன்ன ஜல்லியின் படுக்கை, அதற்கும் கீழே கழுவித் தூசு நீக்கிய 20 மி.மீ. ஜல்லி, எல்லாவற்றுக்கும் அடியில் 40 மி.மீ. அல்லது அதற்கும் பெரிய ஜல்லி. ஒரே அளவான ஜல்லியைக் கொட்டிவைத்தால் அதன் கனஅளவில் ஏறத்தாழ 40 சதவீதம் வெற்றிடமாக இருக்கும். ஆகவே 30 செ.மீ. ஆழ ஜல்லி அடுக்கு 12 செ.மீ. நீரைத் தாங்கும். உண்மையில் இது தெருவுக்கடியில் மறைந்திருக்கும் ஆழமில்லாத ஒரு தொட்டி. கல் அதன் மூடி. மண் அதன் அடித்தளம். சாதாரணச் சாலை போடும்போது பொடி முதல் பெருஜல்லி வரை எல்லா அளவும் கலந்த கலவையைக் கொட்டி, உருளை ஓட்டி, இடைவெளியே இல்லாமல் இறுக்குவதுதான் நல்ல வேலை. நீர்புகு தளத்தில் அதுவே கெட்ட வேலை. நாற்பது ஆண்டுகளாக இறுக்கிப் பழகிய ஒப்பந்தக்காரரிடமும் மேஸ்திரியிடமும் இறுக்காதே என்று சொல்லிச் செய்யவைப்பது எளிதன்று. இத்துறையின் தோல்விகளில் பல இந்தப் பழக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

மேற்பரப்பு எவ்வளவு நீரை விழுங்கும் என்பதே விற்பனையாளர்கள் காட்டும் காட்சி. ஒரு லாரித் தண்ணீரைக் கொட்டினால் அது கண்ணெதிரே மறைந்துபோவது பார்ப்பவரை மயக்கத்தான் செய்யும். புதிய நுண்துளைக் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 120 லிட்டர் அல்லது அதற்கும் மேல் நீரை உள்ளே விடுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஆகவே இது மணிக்கு 7,200 மி.மீ. மழை. பூமியில் எந்த ஊரிலும் அப்படி மழை பெய்வதில்லை. துளைகளில் 95 சதவீதம் அடைபட்டுப் போனாலும் மணிக்கு 360 மி.மீ. மழையை அது ஏற்கும். எனவே தளம் நன்றாக இருக்கும் காலத்தில் மேற்பரப்பு ஒருபோதும் தடையாவதில்லை. தடை கீழே இருக்கிறது: தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு, அது எவ்வளவு விரைவில் காலியாகும் என்ற இரு கேள்விகளே தளத்தின் தகுதியை முடிவுசெய்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு விடை மண்ணில் இருக்கிறது. மணற்பாங்கான நிலம் மணிக்கு 30 மி.மீ. அல்லது அதற்கும் மேல் நீரை உள்வாங்கும். களிமண்ணோ 1 முதல் 5 மி.மீ. வரைதான் உள்வாங்கும், அதுவும் உருளை ஏறி இறுகிய களிமண்ணாக இருந்தால் அந்தக் கணக்கின் அடிமட்டத்தையும் எட்டாது. 12 செ.மீ. நீர் நிறைந்த தேக்கம் மணலில் நான்கு மணி நேரத்தில் காலியாகிவிடும். மணிக்கு 1 மி.மீ. உறிஞ்சும் களியில் ஐந்து நாள் ஆகும். நிறைந்த தேக்கம் மூன்று நாளுக்குள் வடிந்துவிட வேண்டும் என்பது பல நாட்டு வழிகாட்டி நூல்களின் பொது விதி. அடுத்த மழைக்கு இடம் வேண்டும் என்பதோடு, அடிமண் நெடுநாள் ஊறினால் தளமே அமுங்கிவிடும் என்பதும் அதற்குக் காரணம். களியிலும் நீர்புகு தளம் அமைக்க முடியாது என்றில்லை. தேக்கத்தின் அடியில் துளையிட்ட குழாயைப் பதித்து, மண் ஏற்காத நீரை மெதுவாக வடிகாலுக்கு விடலாம். அப்போது அது நிலத்தடி நீரைப் பெருக்கும் அமைப்பாக இல்லாமல், வெள்ளத்தின் உச்சத்தைச் சில மணி நேரம் தள்ளிப்போடும் அமைப்பாக மாறுகிறது. அதுவும் ஒரு பயன்தான்; ஆனால் இரண்டையும் ஒன்றெனக் காட்டுவது நேர்மையாகாது.

சென்னைக்கு இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்துகிறது. சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடலோரமாக நீளும் பட்டை மணல். அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் போன்ற பகுதிகள் பெரிதும் களி. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கத்தில் ஆழம் செல்லாமலே பாறை தட்டுகிறது. ஒரே மாநகராட்சிக்குள் மூன்று வகை நிலங்கள் இருக்கும்போது, ஒரே வரைபடத்தை நகல் எடுத்து எல்லா வார்டுக்கும் அனுப்பும் திட்டம் குறைந்தது இரண்டு வகை நிலங்களில் தோற்கும். இதோடு நிலத்தடி நீர்மட்டமும் சேர்கிறது. தேக்கத்தின் அடிப்பாகத்துக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுவதால், தாழ்வான பகுதிகளில் கார்த்திகை பிறக்கும்போது கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடுகிறது. கோடையில் வெற்றிகரமாகச் சோதித்துக் காட்டப்பட்ட தளம் நவம்பர் இறுதியில் நீரை இறக்க இடமில்லாமல் நிற்கக்கூடும். சோதனையை எந்த மாதத்தில் செய்தார்கள் என்று கேட்காமல் அதன் முடிவை ஏற்பது தவறு.

2015ஆம் ஆண்டு இதற்குத் தக்க சான்று. அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. மழை பதிவாயிற்று, 1918 நவம்பரில் பெய்த 1,088 மி.மீ.க்குப் பிறகு அந்த மாதத்தில் அவ்வளவு மழை பெய்ததில்லை. மண் முழுதும் ஊறி, ஏரிகள் நிறைந்து நின்ற நிலையில்தான் டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பெய்தது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவில் நீர் திறக்கப்பட்டு அடையாறு கரை மீறியது. இங்கே வெள்ளத்தின் வகைகளைப் பிரித்தறிவது முக்கியம். ஆறு கரை புரண்டு வருவது ஒரு வகை. பெய்த மழை பெய்த தெருவிலேயே போக வழியின்றித் தேங்குவது இன்னொரு வகை. ஆற்றிலிருந்து ஏறிவரும் நீரை 12 செ.மீ. கொள்ளளவுள்ள தேக்கத்தால் ஒன்றும் செய்ய இயலாது. தேக்கம் முழுதாகக் காலியாக இருந்திருந்தாலும், தாம்பரத்தில் விழுந்த மழையில் தன்மீது நேராக விழுந்ததில் நான்கில் ஒரு பங்கைத்தான் அது பிடித்திருக்கும். அந்த ஆண்டு வெள்ளத்தை முன்னிறுத்தி நீர்புகு தளத்துக்கு நிதி கேட்பவர்கள், அது தடுத்திருக்க முடியாத ஒரு பேரிடரைக் காட்டியே அதற்காக வாதாடுகிறார்கள்.

சீனாவின் பட்டறிவும் இதையே சொல்கிறது. நிலவடிவமைப்பாளர் யூ கோங்ஜியான் நெடுங்காலம் வலியுறுத்திவந்த கருத்துகளை ஒட்டி, 2013இல் அரசுக் கொள்கையாக ஏற்கப்பட்ட ‘ஸ்பாஞ்ச் நகர’த் திட்டம் நீர்புகு தளம், மழைத்தோட்டம், ஈரநிலம் ஆகியவற்றை இணைத்து மழையை நகரத்துக்குள்ளேயே உறிஞ்சவைக்க முனைந்தது. 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் 30 நகரங்கள் முன்னோடிகளாகத் தெரிவாயின. 2030க்குள் நகரப் பரப்பில் 80 சதவீதம் தன் மழையில் 70 சதவீதத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இலக்கு. இந்த 70 சதவீதம் என்பது ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் மொத்தத்தைக் குறிக்கிறது. அடிக்கடி பெய்யும் சிறுமழைகளையும் நடுத்தர மழைகளையும் பிடித்தாலே அது நிறைவேறிவிடும், பெருமழையைப் பற்றி அது எந்த உறுதியும் தரவில்லை. 2021 ஜூலை 20 அன்று, இத்திட்டத்துக்குப் பெருந்தொகை ஒதுக்கியிருந்த செங்சோவ் நகரில் ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை கொட்டியது. சுரங்க ரயிலுக்குள் வெள்ளம் புகுந்து 14 பேர் இறந்தார்கள். திட்டம் பொய் என்று அப்போது எழுந்த கூக்குரல் முழுவதும் நியாயமானதன்று; ஒரு கருவியை அதன் எல்லைக்கு அப்பால் விளம்பரப்படுத்தியவர்கள்தான் அந்தக் கூக்குரலுக்கு இடம் கொடுத்தார்கள்.

எல்லையைச் சொன்னபின் பயனையும் அளந்து பார்க்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள குடியிருப்புப் பகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் நடைபாதை, வாகன நிறுத்துமிடம், அடுக்ககங்களின் முன்வெளி எனப் பத்தில் ஒரு பங்கை, அதாவது ஒரு லட்சம் சதுர மீட்டரை, 12 செ.மீ. கொள்ளளவுள்ள நீர்புகு தளமாக மாற்றியதாகக் கொள்வோம். மொத்தக் கொள்ளளவு 12,000 கன மீட்டர். 29 செ.மீ. மழை பெய்த நாளில் அப்பகுதியில் விழும் 2,90,000 கன மீட்டர் நீரில் இது நான்கு சதவீதம், பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனால் 50 மி.மீ. மழை பெய்யும் ஒரு மாலையில் விழுவது 50,000 கன மீட்டர். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இந்தத் தேக்கம் பிடித்துக்கொள்ளும். பருவமழைக் காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் பலமுறை தெருவை முழங்கால் அளவு நீரில் ஆழ்த்தி, பள்ளிக்கும் வேலைக்கும் போவோரைத் தவிக்கவைப்பது இத்தகைய மழைதான். நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் பேரிடர் தலைப்புச் செய்தியாகிறது. இந்த ஆண்டுத் தொல்லையோ பழகிப்போய்விட்டது. நீர்புகு தளத்தின் உண்மையான களம் இந்த இரண்டாவது மழை.

இக்கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. தளத்தின்மீது நேராக விழும் 50 மி.மீ. மழை வெறும் 5,000 கன மீட்டர்தான். தேக்கம் நிறைய வேண்டுமானால் பக்கத்துக் கூரைகளிலிருந்தும் தார்ச்சாலைகளிலிருந்தும் நீரை அதற்குள் திருப்பிவிட வேண்டும். மேற்படி கணக்கில் தளத்தின் பரப்பைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான பக்கப் பரப்பு அதில் வடிய வேண்டும். பிரிட்டன் வழிகாட்டிகள் இரண்டு மடங்கு வரை அனுமதிப்பதால் இது இயலாததன்று. ஆனால் பக்கத்து நிலத்து நீர் தனியாக வருவதில்லை. மண்ணையும் சருகையும் குப்பையையும் இழுத்துக்கொண்டு வருகிறது, அந்த வண்டல்தான் துளைகளை அடைக்கிறது. கூடுதல் நீரை ஏற்றால் ஆயுள் குறையும், ஏற்காவிட்டால் தேக்கம் பாதி வெறுமையாகக் கிடக்கும். கூரைநீரைச் சல்லடையும் வண்டல் குழியும் வைத்து நேராகத் தேக்கத்துக்குள் விடுவதும், மண் தெருவின் நீரை அண்டவிடாமல் விளிம்புக் கல் பதிப்பதும் இதற்கு அறியப்பட்ட தீர்வுகள். மொட்டைமாடி நீர் தெருநீரைவிடத் தெளிவானது என்பதை, 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடைப்பு இந்தத் தொழில்நுட்பத்தின் பழைய நோய். புதிய தளத்தின் உறிஞ்சும் வேகம் சில ஆண்டுகளிலேயே தொடக்க அளவில் ஒரு சிறு பங்காகக் குறைந்துவிடுவதை ஜெர்மன் அளவீடுகள் காட்டியிருக்கின்றன; அதனால்தான் கவனமுள்ள வடிவமைப்பாளர்கள் தொடக்க வேகத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. மறுபுறம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டில் வால்டன் குளத்தருகே 1977இல் அமைக்கப்பட்ட நுண்துளைத் தார் நிறுத்துமிடம் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நீரை இறக்கிக்கொண்டிருந்தது. வாஷிங்டன் மாநிலத்து ரென்டனில் நான்கு வகை நீர்புகு தளங்களை ஆறாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு ஆய்ந்து பிராட்டிபோ, பூத் ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ எல்லா மழையும் உள்ளிறங்கியதையும், பக்கத்திலிருந்த சாதாரணத் தார்த்தளத்தின் வழிநீரில் பெரும்பாலான முறை தென்பட்ட எஞ்சின் எண்ணெய் உள்ளிறங்கிய நீரில் தென்படாததையும் பதிவுசெய்தது. பெட்ரோல், எண்ணெய்க் கசிவு நிலத்தடி நீரைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு அது ஓரளவு விடை. பெட்ரோல் பங்க், பட்டறை, சாக்கடை கலக்கும் தெரு ஆகியவற்றுக்கு அந்த விடை செல்லாது, அங்கே இத்தளத்தை அமைக்கவே கூடாது. அந்த ஆய்வுக் காலத்தின் கடும் மழை 72 மணி நேரத்தில் 121 மி.மீ. என்பதையும் மறக்கலாகாது, சென்னையில் அது ஒரு பிற்பகலில் பெய்து முடியக்கூடிய மழை.

இத்தகைய தளம் நீடிக்க வேண்டுமானால், ஆண்டுக்கு ஓரிருமுறை உறிஞ்சு இயந்திரத்தால் இடுக்குகளைத் துப்புரவாக்குவதும், மேலே மண் சேராமல் பார்த்துக்கொள்வதும் தேவை. தமிழ்நாட்டுத் தெருக்களின் வழக்கம் வேறு. வீடு கட்டுவோர் எம் சாண்டையும் ஜல்லியையும் தெருவிலேயே குவித்து அங்கேயே கலவை போடுகிறார்கள். ஒரு லாரி மணல் இரண்டு வாரம் கிடந்தால் அதன் அடியில் உள்ள தளத்தின் கதை முடிந்தது. குழாய் பதிக்கவும் கேபிள் இழுக்கவும் தோண்டுகிறவர்கள், எடுத்த ஜல்லியை மண்ணோடு கலந்து மூடி, மேலே கல்லை அடுக்கி, இடுக்கில் சிமென்ட் பூசிவிட்டுப் போகிறார்கள். வெளியே பார்க்க எந்த வேறுபாடும் தெரியாது என்பதே இதில் கொடுமை. பழுதடைந்த சாலை குழியாகித் தன்னைக் காட்டிக்கொள்ளும். பழுதடைந்த நீர்புகு தளம் மழை வரும்வரை நல்ல தளம்போலவே தோன்றும்.

தமிழக நகரங்களில் இன்று நடைபாதைதோறும் விரிந்திருக்கும் பேவர் பிளாக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதுவே மழைநீரை உள்ளிறக்கும் தளம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நெருக்கமாகக் கோத்த கல், இடுக்கில் நுண்மணல், கீழே எம் சாண்ட் படுக்கை, அதற்கும் கீழே பல இடங்களில் கான்கிரீட் தளம் என்று அமையும் இத்தரை, நன்றாகப் பாவப்பட்டால் கான்கிரீட் தரைக்கு மிக அருகில் வருகிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 15658 இக்கற்களின் வலிமையையும் தேய்மானத்தையும் நீர் உறிஞ்சலையும் வரையறுக்கிறது. அங்கே கல் நீரை உறிஞ்சுவது குறையாகவே கருதப்படுகிறது, கல்லைப் பொறுத்தவரை அது சரியே. தளத்தை நீர்புகு தளமாக்குவது கல்லன்று, இடுக்கின் அகலமும் அடியிலுள்ள ஜல்லியும்தான். கோயில் பிரகாரம் முதல் பள்ளி வளாகம்வரை மண்ணாக இருந்த வெளிகளையெல்லாம் பேவர் பிளாக்கால் மூடி, அதைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த பணி என்று அறிவிப்பது உள்ளாட்சி அமைப்புகளின் வழக்கமாகிவிட்டது. வெறும் மண் எந்தப் பேவர் பிளாக்கைவிடவும், பல இடங்களில் எந்த நீர்புகு தளத்தைவிடவும் மேலானது, செலவும் இல்லை. மூடத் தேவையில்லாத தரையை மூடாமல் விடுவதே இத்துறையின் முதல் விதியாக இருக்க வேண்டும்.

ஆகவே, நீர்புகு தளம் சென்னையில் எங்கே பொருந்தும் என்ற கேள்விக்கு வரைபடத்திலேயே விடை காணலாம். கடலோர மணற்பட்டையில் அது மிகச் சிறப்பாகப் பொருந்தும். கோவளம் வடிநிலத் திட்டத்தில், ஜெர்மன் வங்கிக் கடனுதவியுடன் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் மழைநீர் வடிகால் கட்ட முற்பட்டபோது, மணலே நீரை உறிஞ்சிக்கொள்ளும் இடத்தில் கான்கிரீட் வாய்க்கால் எதற்கு என்று கேட்டுக் குடியிருப்போர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். அவர்கள் கேள்வியில் பொறியியல் நியாயம் இருந்தது: ஆண்டின் பிற மாதங்களில் குடிநீருக்கு மண்ணை நம்பியிருக்கும் பகுதியில், மழைக்காலத்து நன்னீரைக் கடலுக்கு அனுப்ப வாய்க்கால் வெட்டுவது இருமடங்கு இழப்பு. களிநிலப் பகுதிகளில் அடிக்குழாயுடன் கூடிய தேக்கமாக, வடிகாலின் உச்சச் சுமையைக் குறைப்பதற்கு மட்டும், ரயில் நிலைய நிறுத்துமிடம், வணிக வளாகம், அடுக்ககம் போன்ற பெரிய ஒற்றை உரிமையாளர் நிலங்களில் அமைக்கலாம். பாறைப் பகுதியிலும் பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய தாழ்நிலத்திலும் இதற்குச் செலவிடும் பணத்தைச் சதுப்பையும் அதற்கு நீர் வரும் போகும் வழிகளையும் மீட்பதற்குச் செலவிடுவதே மேல். கனரக வண்டி ஓடும் முதன்மைச் சாலைகளில் எங்கும் வேண்டாம்.

சட்டமும் கட்டணமும் இதில் கல்லைவிட வலிய கருவிகள். 2007 வெள்ளத்துக்குப் பிறகு இங்கிலாந்து, 2008 அக்டோபர் முதல், வீட்டு முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் புகாத தரை போடுவதற்குத் திட்ட அனுமதி பெற வேண்டும் என்றும், நீர்புகு தளமானாலோ நீரைத் தன் நிலத்துக்குள்ளேயே விட்டாலோ அனுமதி வேண்டாம் என்றும் விதித்தது. ஜெர்மன் நகரங்கள் பல, கழிவுநீருக்கு ஒரு கட்டணமும் மழைநீருக்குத் தனிக் கட்டணமும் வாங்குகின்றன. பின்னது வீட்டைச் சுற்றி மூடப்பட்ட தரையின் பரப்பைப் பொறுத்தது, நீர்புகு தளத்துக்குத் தள்ளுபடி உண்டு. சென்னையில் சொத்துவரியைக் கணக்கிடும்போது கட்டடப் பரப்பு அளக்கப்படுகிறது. முன்வெளியில் எவ்வளவு மூடப்பட்டது என்பதையும் அளப்பது நிர்வாகத்துக்கு இயலாத செயலன்று.

மாநகராட்சிகள் இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒப்பந்தத்தை மாற்றுவது. பணி முடிந்ததும் கல்லின் வலிமைச் சான்றைப் பார்த்துப் பணம் தரும் முறை இங்கே பயன்படாது. 300 மி.மீ. விட்டமுள்ள ஒரு வளையத்தைத் தளத்தின்மீது வைத்து, விளிம்பை நீர் கசியாமல் அடைத்து, அளந்த நீரை ஊற்றி, அது இறங்கும் நேரத்தைக் குறிக்கும் எளிய சோதனை பன்னாட்டுத் தரமாகவே இருக்கிறது. ஒரு கடிகாரமும் ஒரு வாளியும் இருந்தால் உதவிப் பொறியாளர் அரை மணியில் முடித்துவிடலாம். தோண்டுமுன் அந்த இடத்து மண்ணின் உறிஞ்சும் வேகத்தையும் மழைக்கால நீர்மட்டத்தையும் அளந்த அறிக்கை, ஜல்லி அடுக்கை மூடுமுன் எடுத்த படம், ஐந்தாண்டுத் துப்புரவுப் பொறுப்பு, ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன் இந்த வளையச் சோதனை, அதில் தேறிய பிறகே அவ்வாண்டுத் தவணை என்று ஒப்பந்தம் அமைய வேண்டும். இவை இல்லாத எந்தப் பணிக்கும் நீர்புகு தளம் என்ற தலைப்பில் நிதி ஒதுக்கக் கூடாது.